பட்டின் பின்பக்கம்: பெய்ஜிங்கிலிருந்து கைலி வரை

முதல் நாள்: பெய்ஜிங், அரண்மனை

சீனத்துப் பழந்துணி என்றதும் சேகரிப்பாளர்களின் கண் முதலில் போவது டிராகன் அங்கியின் (டிராகன் உருவம் போட்ட அரசவை உடை) மேல்தான். விலை அதிகம் அதற்கு, போலியும் அதிகம் அதில். எனவே பயணத்தை அங்கிருந்தே தொடங்கினோம்.

அரண்மனை அருங்காட்சியகத்துக்குப் பாஸ்போர்ட் எண் கொடுத்து இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை. உள்ளே போனால் அங்கிகள் வரிசையாகத் தொங்கும் என்று நினைக்க வேண்டாம். வெளிச்சத்தால் பட்டுத் துணிக்கு வந்த சேதம் பிறகு மீளாது. அதனால் உலகெங்கும் அருங்காட்சியகங்கள் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தின் அளவு) மேல் விளக்குப் போடுவதில்லை. சில மாதம் காட்டிவிட்டு மறுபடி இருட்டறைக்குக் கொண்டு போய்விடுவார்கள். கண் அந்த மங்கலுக்குப் பழகச் சில நிமிடமாவது பிடிக்கும். கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்துவிட்டால் ஒன்றும் தெரியாது.

ச்சிங் வம்சத்தில் (1644–1912) யார் எதை உடுத்தலாம் என்பதற்குப் படத்தோடு கூடிய விதித் தொகுப்பு 1759இல், ச்சியென்லோங் பேரரசர் காலத்தில், உருவானது. முறையான அங்கியில் ஒன்பது டிராகன்: மார்பில் ஒன்று, முதுகில் ஒன்று, தோளுக்கு ஒன்றாக இரண்டு, கீழே முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு. ஒன்பதாவது வெளியே தெரியாது. வலப்பக்கம் பொத்தான் போடும் முன்மடிப்பைத் தூக்கினால் உள்மடிப்பில் இருக்கும். முன்னாலிருந்து பார்த்தாலும் பின்னாலிருந்து பார்த்தாலும் ஐந்து மட்டுமே தெரியும்படியான கணக்கு. பளிச்சென்ற மஞ்சள் பேரரசருக்கும் பேரரசிக்கும். பட்டத்து இளவரசருக்கு ஆப்ரிகாட் பழ மஞ்சள். அதிகாரிகளுக்குப் பொதுவாக நீலம். ஆண்கள் அங்கியில் முன்னும் பின்னும் வெட்டு இருக்கும், குதிரையில் ஏறி உட்கார வசதியாக. அரச குடும்பத்து ஆண்களுக்கு நான்கு பக்கமும் வெட்டு. பெண்கள் அங்கியில் பக்கவாட்டில் மட்டும்.

ஐந்து நகம் என்றால் அரச குடும்பம், நான்கு நகம் என்றால் அதிகாரி என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். விதி அப்படித்தான் இருந்தது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விதியை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. ஐந்து நகம் எல்லார் உடம்பிலும் ஏறிவிட்டது. நகத்தை எண்ணி விலை பேசுவது காசைக் கரியாக்குவது.

காலம் கணிக்க அதைவிட நல்ல சாட்சி அங்கியின் கீழோரம். அங்கே சாய்வாக ஓடும் வண்ணப் பட்டைகள் கடலைக் குறிக்கும். 18ஆம் நூற்றாண்டில் அவை குட்டையாக, நெளிநெளியாக இருக்கும். அவற்றுக்கு மேலே சுருள் அலைகளுக்கு நிறைய இடம். 19ஆம் நூற்றாண்டு போகப் போகப் பட்டை நீண்டு, விறைத்து நேர்க்கோடாகி, கடைசியில் முழங்கால் உயரத்துக்கு ஏறிவிடுகிறது. கூடவே வானத்தில் நெரிசலும் கூடுகிறது. வௌவால், பௌத்த மங்கலச் சின்னங்கள் எட்டு, தாவோ சின்னங்கள் எட்டு என்று மேகங்களுக்கு நடுவே இடமே இல்லாமல் போகும், டிராகன் சிறுத்துவிடும்.

1912இல் அரசர் பதவி துறந்தபின், ஆளும் இனமாக இருந்த மஞ்சு குடும்பங்கள் பெட்டியோடு விற்ற அங்கிகள் வெளிநாட்டாரிடம் குவிந்தன. பல அங்கிகள் மெத்தை உறையாகவும் பியானோ விரிப்பாகவும் வெட்டுப்பட்டன. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய கைப்பட்டைகள் இன்றும் ஏலத்தில் வருவது அந்த வெட்டிலிருந்துதான்.

இரண்டாம் நாள்: பெய்ஜிங், பான்ஜியாயுவான் சந்தை

சனி, ஞாயிறு விடியற்காலையில் சந்தை களைகட்டும். போகும்போது கையில் வேண்டியவை மூன்று: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 365 நானோமீட்டர் புறஊதா டார்ச், சுத்தமான கை. நைட்ரைல் கையுறையும் போடலாம். பருத்திக் கையுறை வேண்டாம். அதன் இழை பிரிந்த பட்டில் மாட்டி இழுக்கும். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிட வேண்டும்.

முதலில் சட்டம். 1911 வரை செய்த பழம்பொருள் எதையும் சீனாவிலிருந்து வெளியே கொண்டுபோகக் கூடாது, விதிவிலக்கே இல்லை. 1949 வரையானவற்றில் வரலாற்று, கலை மதிப்புள்ளவை கொள்கையளவில் தடை. சிறுபான்மை இனத்தார் செய்த துணி என்றால் கோடு 1966க்குத் தள்ளிப்போகிறது. அனுமதி கிடைக்கும் பழைய பொருளுக்குத் தணிக்கை அலுவலகம் சிவப்பு அரக்கு முத்திரை போட்டுச் சான்றிதழ் தரும். ஆகையால் சந்தையில் கிடைப்பது உண்மையான ச்சிங் அங்கி என்றால் வாங்கினாலும் கொண்டுபோக முடியாது; கொண்டுபோக முடிந்தால் அது ச்சிங் அங்கி இல்லை. நூறாண்டுக்கு முன் வெளியேறிய நல்ல துணிகள் லண்டன், பாரிஸ், நியூயார்க் ஏலங்களில் வருகின்றன. சேகரிப்பதென்றால் அங்கே வாங்குவதே நேர்வழி.

அப்படியானால் இந்தச் சந்தைக்கு எதற்கு? போலியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

அதிகாரிகளின் மார்புச் சதுரத்தை எடுத்துக்கொள்வோம். 1391இல், ச்சிங்குக்கு முன் ஆண்ட மிங் அரசு கொண்டுவந்த முறை. ச்சிங் அரசு 1652இல் தனக்கு ஏற்றாற்போல் எடுத்துக்கொண்டது. சிவில் அதிகாரிக்குப் பறவை, படை அதிகாரிக்கு விலங்கு. சிவிலில் முதல் தரத்துக்குக் கொக்கு, மூன்றாவதற்கு மயில், எட்டாவதற்குக் காடை. படையில் இரண்டாம் தரத்துக்குச் சிங்கம், நான்காவதற்குப் புலி. மிங் காலச் சதுரம் பெரியது, 35 சென்டிமீட்டருக்கும் மேல். பெரும்பாலும் இரண்டு பறவைகள் பறக்கும். ச்சிங் சதுரம் 30 சென்டிமீட்டரை ஒட்டி வரும். ஒற்றைப் பறவை பாறைமேல் நிற்கும். ச்சிங் மேலங்கி முன்னால் நடுவில் திறப்பது. அதனால் மார்புச் சதுரம் இரண்டாகப் பிளந்திருக்கும்; முதுகுச் சதுரம் முழுசாக இருக்கும். முழுச் சதுரம் ஒன்றை மட்டும் காட்டி ‘ஜோடி’ விலை சொன்னால் நகர்ந்துவிடலாம்.

பறவை தனித் துண்டாக ஒட்டித் தைத்திருந்தால் போலி என்று அவசரப்பட வேண்டாம். 19ஆம் நூற்றாண்டுப் பிற்பகுதியில் கடைகள் பின்னணியை மட்டும் ஆயத்தமாக விற்றன. பதவி உயர்ந்தால் பறவையை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பறவைக்கு அடியில் பழைய ஊசித்துளைகள் வேறொரு உருவத்தின் ஓரத்தில் ஓடினால், கொக்கு அன்று பிறந்த கொக்கல்ல. காடையைக் கொக்காக்கி விலை ஏற்றும் வேலை பழையது.

டிராகன் அங்கியிலும் இதே கைவேலை உண்டு. பேரரசருக்கே உரிய பன்னிரு சின்னங்களை (சூரியன், சந்திரன், விண்மீன், மலை, கோடரி முதலியன) 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாதாரண அங்கிகளில் பின்னால் சேர்த்துத் தைத்து விற்றார்கள். கண்டுபிடிக்க மூன்று இடம் பார்க்க வேண்டும். ஒன்று, சின்னத்தைச் சுற்றி மேகம் விலகி இடம் விட்டிருக்கிறதா, அல்லது சின்னம் மேகத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறதா. இரண்டு, தையல் உள்துணியையும் குத்திக்கொண்டு போகிறதா. அங்கி தைத்து முடிந்தபின் சேர்த்தால் மட்டுமே அப்படி ஆகும். மூன்று, அங்கி முழுவதும் தறியில் நெய்த உருவம், சின்னம் மட்டும் ஊசித் தையல் என்றால் சந்தேகமே வேண்டாம்.

நிறம் இன்னொரு சாட்சி. 1856இல் பிரிட்டனில் முதல் செயற்கைச் சாயம் பிறந்தது. சீனப் பட்டில் செயற்கைச் சாயம் பரவலாகத் தென்படுவது 1870களிலிருந்து. கண்ணைக் கூசவைக்கும் ஊதாவும் கடும் ரோஜாவும் இருந்தால் 18ஆம் நூற்றாண்டு என்ற பேச்சே எடுபடாது. மடிப்பின் உள்ளே அந்த ஊதா கொழுந்துவிட்டு, வெளியே சாம்பலாக வெளுத்திருப்பது அதன் இயல்பு. புறஊதா டார்ச் அடித்தால் நீலவெள்ளையாகச் சுடர்விடும் நூல் 20ஆம் நூற்றாண்டு நடுப்பகுதிக்குப் பிந்தைய வெண்மையூட்டி போட்டது. புதுத் தையலோ பழுது பார்த்ததோ, எதுவானாலும் அங்கேயே அகப்படும். எரித்துப் பார்ப்பதை உதிர்ந்த ஒற்றை இழையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்: பட்டு மயிர் கருகும் வாசனையோடு சுருண்டு, விரலில் பொடியும் கருந்துகளாகும், ரேயான் காகிதம் போல் எரியும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியாகும்.

முடிச்சுத் தையலைக் காட்டி “கண் போய்விடும் என்பதால் அரசர் தடைசெய்த தையல்” என்று ஒரு கதை இங்கே இன்னும் ஓடுகிறது. தடையெல்லாம் கிடையாது, ஊருக்கு ஊர் போட்ட சாதாரணத் தையல் அது. கதைக்கு விலை கொடுக்காமல், முடிச்சுகள் ஒரே அளவில் நெருக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

மூன்றாம் நாள்: நான்ஜிங்

பெய்ஜிங்கிலிருந்து அதிவேக ரயிலில் நாலு மணி நேரம் போல. யுன்ஜின் (ஜரிகையும் பல வண்ணமும் சேர்த்து நெய்யும் நான்ஜிங் பட்டு) அருங்காட்சியகம் நான்ஜிங் படுகொலை நினைவகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. யுன்ஜின் நெசவை யுனெஸ்கோ 2009இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

தறியைப் பார்க்கவே போக வேண்டும்: 5.6 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரம். இரண்டு பேர் வேலை. மேலே ஏறி உட்கார்ந்திருப்பவர் கயிறு இழுக்கிறார். கீழே இருப்பவர் ஊடை (குறுக்கு இழை) போடுகிறார். சித்திரம் முழுதும் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறது. முதலில் வடிவத்தைக் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். பிறகு பாவு (நெடுக்கு) இழைகளுக்கு நிகரான நெடுக்குக் கயிறுகளின் ஊடே, ஒவ்வொரு ஊடை வரிசைக்கும் ஒரு குறுக்குக் கயிற்றைக் கோத்துக் கட்டுவார்கள். மேலே இருப்பவர் ஒரு குறுக்குக் கயிற்றை இழுத்தால், அந்த வரிசைக்கு வேண்டிய பாவு மட்டும் எழும். கட்டுவதில் ஒரு கயிறு தவறினால், அந்தப் பிழை துணி நெடுகத் திரும்பத் திரும்ப விழும்.

பாவு எழுந்ததும் கீழே இருப்பவர் ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனி வண்ண நூல் சுற்றிய தாரை அந்த இடத்தில் மட்டும் நுழைத்து எடுக்கிறார். அதனால் ஒரே வரிசையில் பத்துப் பூ இருந்தால் பத்தும் பத்து நிறமாக இருக்க முடியும். ஜக்கார்ட் என்னும் சித்திரத் தறி இயந்திரத்தில் ஊடை ஓரத்திலிருந்து ஓரம் வரை ஓடுவதால் இந்தச் சுதந்திரம் இல்லை. வேகம்? ஒரு நாளுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர்.

போலி பார்க்கும் வழி இங்கேயே கிடைத்துவிடுகிறது: துணியைத் திருப்பு. கையால் நுழைத்த வண்ணம் பின்பக்கத்தில் பூவின் எல்லைக்குள்ளேயே திரும்பும். பூவுக்குப் பூ இழை தொங்கும். இயந்திரத் துணியில் எல்லா வண்ணமும் கோடு கோடாக அகலம் முழுக்க மிதந்து போகும். சுற்றுலாக் கடையில் ‘யுன்ஜின்’ என்று விற்கும் கழுத்துப்பட்டை, பணப்பை எல்லாம் பெரும்பாலும் இரண்டாவது வகை. அழகாக இருந்தால் வாங்கலாம், ஆனால் கைத்தறி விலைக்கு வேண்டாம்.

ஜரிகை இரண்டு வகை. தங்கத் தகட்டைக் காகிதத்தில் ஒட்டி, மெருகேற்றி, மெல்லிய பட்டைகளாக வெட்டியது தட்டை ஜரிகை. அதே பட்டையைப் பட்டு நூல்மேல் சுற்றினால் உருட்டு ஜரிகை. காகிதமும் பசையும் இருப்பதால் தண்ணீர் பட்டால் போச்சு: பசை இளகும், தங்கம் உரியும், காகிதம் வெளியே தெரியும். நம் ஊர் வெள்ளி ஜரிகைபோல் நினைத்து நனைத்துவிடக் கூடாது. பழைய துணியில் ஜரிகையைப் பதித்துத் தைத்த நூல் சிவப்பா மஞ்சளா என்று பார்ப்பதும் பயன்படும். தங்கம் தேய்ந்த இடத்தில் நிறத்தைக் கொடுப்பது அந்த நூல்தான்.

அரசுக்கு நெய்த பட்டறைகள் ச்சிங் காலத்தில் மூன்று ஊர்களில் இருந்தன: நான்ஜிங், சூஜோ, ஹாங்ஜோ. நான்ஜிங் பட்டறையை 1663 முதல் 1728 வரை பெரும்பாலும் ஒரே குடும்பம், சாவ் குடும்பம், நடத்தியது. சீனத்தின் புகழ்பெற்ற நாவலாசிரியர் சாவ் ஷுவேச்சின் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. அவர் எழுத்தில் துணியைப் பற்றிய நுணுக்கம் வந்த வழி அது.

பெய்ஜிங்குக்கு வெளியே இருக்கும், மிங் காலத்து வான்லி பேரரசரின் கல்லறையை 1956–58இல் தோண்டினார்கள். உள்ளே நூற்றுக்கணக்கான பட்டுத் துணிகள். காற்றும் வெளிச்சமும் பட்டதும் நிறம் மங்கி, இழை விறைத்துப் போயிற்று. அதன்பின் அரசக் கல்லறைகளை வேண்டுமென்று தோண்டுவது நிறுத்தப்பட்டது. அங்கே கிடைத்த, மயிலிறகு நூல் சேர்த்த டிராகன் அங்கித் துணியை நான்ஜிங் நெசவாளர்கள் மீண்டும் நெய்து முடிக்க ஐந்து ஆண்டுகள் ஆயின. மயிலிறகின் மெல்லிய மயிர்களைப் பட்டோடு முறுக்கினால் அந்த நூல் வரும். கோணத்துக்குக் கோணம் பச்சையும் நீலமுமாக மாறுவது சாயம் இல்லை. இறகின் அமைப்பில் ஒளி படுவதால் வருவது. அதனால்தான் மற்ற நிறங்கள் வெளுத்த துணியிலும் அது மட்டும் மினுங்கும்.

நான்காம் நாள்: சூஜோ

வந்ததன் முக்கியக் காரணம் இந்த ஊர். கெஸி என்னும் நெசவை அருகிலிருந்து பார்க்காமல் சீனப் பட்டைச் சேகரிக்கத் தொடங்கக் கூடாது என்பது எங்கள் கட்சி.

தறி மிக எளியது. இரண்டு மிதி, சாதா நெசவு. மெல்லிய கச்சாப் பட்டுப் பாவு. சாயமிட்ட தடித்த ஊடை. பாவின் கீழே வரைபடத்தை வைத்து, தூரிகையால் பாவு இழைகள்மேலேயே கோட்டை எடுத்துக்கொள்வார்கள். பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் படகு வடிவில், ஊடை நூலைச் சுமந்து ஓடும் ஒரு குட்டி நாடா. நிறம் எங்கே தொடங்குகிறதோ அங்கே நுழைந்து, எங்கே முடிகிறதோ அங்கே திரும்பிவிடும். துணியின் முகம் கீழ்நோக்கி இருப்பதால், நெய்பவர் அடியில் கண்ணாடியைப் பிடித்துச் சரிபார்த்துக்கொள்கிறார். ஊடையை அடித்து இறுக்கப் பெரிய அச்சுக்குப் பதில் சிறு மூங்கில் சீப்பு. ஒரு இலை, ஒரு இதழ் என்று அந்தந்த இடத்தை மட்டும் தட்ட அதுதான் தோது.

இரண்டு நிறங்கள் நெடுக்குக் கோட்டில் சந்திக்கும் இடத்தில் இரண்டு ஊடையும் தத்தம் பக்கம் திரும்புவதால் நடுவே ஒரு கீறல் விழும். காஞ்சிபுரத்துக் கோர்வையில் உடலும் கரையும் சந்திக்கும் இடத்தில் ஊடைகளைக் கோத்துவிடுகிறார்களே, அதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் கெஸி புரியும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உருவத்தின் ஓரமெல்லாம் ஊசி வெளிச்சமாகத் தெரியும். கீறல் நீண்டுவிட்டால் துணி தொய்யும். அதனால் நெடுக்குக் கோடு நீளும் இடத்தில் சில வரிசைக்கு ஒருமுறை பக்கத்து நாடாவை ஒரு பாவு தாண்டிக் கோத்துவிடுவது வழக்கம். அதை மறந்தால், தொங்கவிட்ட சில ஆண்டுகளில் கீறல் வாய்பிளந்துவிடும். நிறம் மெல்ல மாறும் இடத்தில் இரு நிற ஊடைகளை நீளமும் குட்டையுமாக ஒன்றுக்குள் ஒன்று பல்போல் நுழைப்பார்கள்; பூவிதழில் வரும் நிழல் அப்படி வருவது.

கெஸி வாங்க நினைப்பவர் பார்க்க வேண்டியது மூன்று. கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில். இரண்டு பக்கமும் ஒரே உருவம் தெரிகிறதா என்று திருப்பி. மூன்றாவதுதான் காலம் சொல்லும்: லென்ஸ் வைத்து, கண், மூக்கு, இலை நரம்பு போன்ற நுணுக்கங்கள் நெய்தவையா, தூரிகையால் தீட்டியவையா என்று. சோங் காலத்து (960–1279) நெசவில் எல்லாம் நாடாவின் வேலை. 19ஆம் நூற்றாண்டில் அவசரம் கூடக் கூட நெசவு தளர்ந்து, மையும் வண்ணமும் தூக்கலாகிவிட்டன. தீட்டியது மோசடி என்று சொல்ல வரவில்லை. அந்தக் காலத்து வழக்கம் அது. ஆனால் பாதிக்குப் பாதி தீட்டிய துண்டுக்குச் சோங் பெயர் சொன்னால் சிரித்துவிட்டு வரலாம்.

தென் சோங் காலத்து ஜு கெரோவ் என்ற பெண்ணின் பெயர் நெய்த துண்டுகள் இன்றும் இருக்கின்றன. தாமரைக் குளமும் வாத்துகளும் ஷாங்ஹாய் அருங்காட்சியகத்தில். மற்றவை லியாவ்னிங் மாகாண அருங்காட்சியகத்தில். லியாவ்னிங்குக்கு அவை போன கதை சேகரிப்பு வரலாற்றில் முக்கியமானது. குடியரசுக் காலத்து அமைச்சராக இருந்த ஜு சிச்சியன் (1872–1964), அரண்மனையிலிருந்து சிதறிய கெஸியையும் பூத்தையலையும் தேடித் தேடிச் சேர்த்தார். பணமுடை வந்தபோது, ஜப்பானியர் அதிக விலை பேசியும் கொடுக்காமல், வடகிழக்கின் தலைவர் ஜாங் ஷுவேலியாங் பக்கம் விற்றார். தொகுப்பு சிதறாமல் லியாவ்னிங்கின் தலைநகர் ஷென்யாங்கில் நின்றது அதனால்தான். சீனத்தில் துணியை ஓவியத்துக்குச் சமமாக வைத்துப் பட்டியலிட்டுச் சேர்த்தவர்கள் மிகச் சிலர். ஜு அவர்களில் முதல் வரிசை.

மாலையில் தாய்ஹு ஏரிக்கரையில் உள்ள ஜென்ஹு. பூத்தையலுக்கென்றே ஓர் ஊர். ஒரு பட்டு நூலை எட்டாக, பதினாறாக, அதற்கும் மெலிதாகப் பிரித்துத் தைக்கிறார்கள். மீன்வாலின் ஓரத்துக்குப் பிரித்த ஒற்றை இழை; உடலுக்குச் சற்றுத் தடிப்பானது. இரட்டைப் பக்கத் தையலில் முடிச்சே போடக் கூடாது. தொடக்க நுனியைச் சில மிகச் சிறு தையலுக்கு அடியில் புதைத்து, முடிவையும் அப்படியே முடிக்கிறார்கள். ஊசி செங்குத்தாக இறங்காமல் கொஞ்சம் சாய்ந்தாலும் மறுபக்கத்தில் ஏற்கெனவே போட்ட நூலைப் பிளந்துவிடும்; பழகாத கையின் வேலையில் மறுபக்கம் மயிர் எழுந்து நிற்பது அதனால். சூஜோவின் பெருமை ஷென் ஷோவ் (1874–1921): அவர் தைத்த இத்தாலிய அரசியின் உருவம் 1911இல் டூரின் கண்காட்சியில் பரிசு பெற்றது.

கடையில் கைத்தையலா இயந்திரமா என்று அறியப் பின்பக்கம் போதும். இயந்திரத்தில் அடிநூல் ஒரே நிறமாக, பெரும்பாலும் வெள்ளையாக, எல்லா இடத்திலும் ஓடும். சட்டத்துக்குள் போட்டுப் பின்பக்கத்தை அட்டையால் மூடி விற்பதை வாங்க வேண்டாம். திறந்து காட்ட மறுத்தால் அதுவே பதில்.

ஐந்தாம் நாள்: ஹாங்ஜோ

1992இல் திறந்த சீனத் தேசியப் பட்டு அருங்காட்சியகம் மேற்கு ஏரிக்குத் தெற்கே. நுழைவு இலவசம், ஒரு நாள் முழுக்க ஒதுக்கலாம்.

1995இல் வடமேற்குச் சீனத்துச் சின்ஜியாங்கின் நியா பாலைவனச் சிதைவில் ஒரு கைக்காப்புத் துணி கிடைத்தது. 18.5க்கு 12.5 சென்டிமீட்டர், ஐந்து நிறம், நெய்த எழுத்து. அதன் சித்திரம் பாவில் இருக்கிறது, ஊடையில் இல்லை. ஒரு சென்டிமீட்டருக்கு 220 பாவு. எப்படி நெய்தார்கள் என்று விளங்காமல் இருந்தது. 2012–13இல் செங்டுவில் ஹான் காலக் (கி.மு. 206–கி.பி. 220) கல்லறை ஒன்றில் நான்கு சிறு தறி மாதிரிகள் கிடைத்தன. அவற்றைப் பெரிதாக்கிச் செய்த தறியில் 10,470 பாவு இழை, சித்திரத்துக்கு 84 விழுது (பாவைத் தூக்கும் கயிற்றுச் சட்டம்), அடித்துணிக்கு 2 விழுது கட்டி 2018இல் அதே துணியை இங்கே நெய்து காட்டினார்கள்.

சேகரிப்பாளருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஹான் காலச் சித்திரத்துணியில் பாவு பேசும். தாங் காலத்துக்குப் (618–907) பிறகு ஊடை பேசும். பூத்தையலிலும் அப்படி: ஹான் காலத்தில் சங்கிலித் தையல், தாங் முதல் நிரப்புத் தையல். உருவத்தை யார் வேண்டுமானாலும் எந்தக் காலத்திலும் காப்பியடிக்கலாம். நெசவு முறையைக் காப்பியடிக்க அந்தத் தறியையே கட்டியாக வேண்டும்.

பாதுகாப்புப் பிரிவு செய்வதைப் பார்த்து வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடியவை: தூசியை மெல்லிய வலைக்கு மேலிருந்து, குறைந்த இழுவையில் உறிஞ்சுவது. வெப்பம் 18–20 டிகிரி, ஈரப்பதம் 50–55 விழுக்காடு. சென்னையில் அதை எட்டுவது கடினம்; ஏற்ற இறக்கம் இல்லாமல் பார்த்துக்கொண்டாலே பாதி வெற்றி. பூச்சி சந்தேகம் வந்தால் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, −20 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம். எடுத்தபின் அறை வெப்பத்துக்கு வரும்வரை பையைத் திறக்கவே கூடாது; திறந்தால் ஈரம் துணிமேல் பனியாக இறங்கும். நாப்தலீன் உருண்டை வேண்டாம். மடிக்காமல் சுருட்டி வைப்பது நல்லது. அமிலமற்ற தாள் சுற்றிய, பத்து சென்டிமீட்டர் விட்டமாவது உள்ள குழாயில், தையல் முகம் வெளிப்புறமாக. முகத்தை உள்ளே விட்டுச் சுருட்டினால் நூல் நசுங்கும். வெளியே விட்டால் சுருக்கம் உள்துணிக்குப் போகும்.

கறுப்பு நூலுக்குத் தனிக் கவனம். இரும்பும் கடுக்காய்போன்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்த பழைய கறுப்பு, பட்டு இழையை உள்ளிருந்தே அரிக்கும். மற்ற நிறமெல்லாம் நன்றாக இருக்க, கறுப்பு ஓரக்கோடு மட்டும் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தால் அது பூச்சியின் வேலை அல்ல. அதை எந்தக் கழுவலும் நிறுத்தாது.

ஆறாம் நாள்: சாங்ஷா

ஹுனான் அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு உடைக்காக இறங்கினோம். மாவாங்துய் முதல் கல்லறையில் 1972இல் கிடைத்த வலைப்பட்டு அங்கி: நீளம் 128 சென்டிமீட்டர், எடை 49 கிராம். கி.மு. 2ஆம் நூற்றாண்டு.

முன்பு ஒருமுறை நகல் செய்தபோது எடை 80 கிராமைத் தாண்டிவிட்டது. தப்பு நெசவில் இல்லை, புழுவில். இன்றைய பட்டுப்புழு நன்றாகத் தின்று கொழுத்து, தடித்த இழை விடுகிறது. அன்றைய இழை சுமார் 11 டெனியர் (இழைத் தடிப்பின் அளவு) தான். நான்ஜிங் நெசவாளர்கள் மெல்லிய இழை தரும் புழுவைத் தேடிப் பிடித்து, 2019இல் 49 கிராம் நகலை முடித்தார்கள்.

ஏழாம் நாள்: கைலி, குய்ஜோ மாகாணம்

அரண்மனைப் பட்டிலிருந்து மலைநாட்டுச் சிறுபான்மை இனத்தாரான மியாவ், தோங் மக்களின் துணிக்கு. கைலியைச் சுற்றி ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒரு தையல் முறை.

ஷிதோங் ஊரில் பட்டு நூலை எட்டுக்கும் மேலாகப் பிரித்து, ஒவ்வொரு இழையையும் சீயக்காய் போன்ற ஒரு நெற்றின் பசைநீரில் இழுத்துத் தைக்கிறார்கள். அந்தப் பசை இழையைத் தட்டையாகப் படியவைத்து மினுக்கம் தருகிறது. வடிவத்தை முதலில் காகிதத்தில் வெட்டித் துணிமேல் ஒட்டி, அதற்கு மேலேயே தையல். பழைய துண்டு தேய்ந்த இடத்தில் அடியில் காகிதம் எட்டிப் பார்த்தால் பயப்பட வேண்டாம். நல்ல அறிகுறி அது.

தான்ஜாயில் மெழுகுச் சாயம். செம்புத் தகடுகளை அடுக்கிக் கட்டிய கத்தியால் தேன்மெழுகை உருக்கிக் கோடு போடுவார்கள். மெழுகு அளவுக்கு மீறிச் சூடானால் கோடு பரவும். ஆறிப்போனால் துணிக்குள் இறங்காமல் மேலே தங்கி, சாயத்தொட்டியில் உதிரும். சரியாக இறங்கியதா என்று அறியத் துணியைத் திருப்பிப் பார்த்தால் போதும். பின்பக்கத்திலும் கோடு ஊறித் தெரிய வேண்டும். நீலத்துக்கு இலையை இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, சக்கையை எடுத்து, சுண்ணாம்பு போட்டு நுரை நீலமாகும்வரை அடித்துத் தெளியவைத்தால் சேறு போல நீலம் அடியில் தங்கும். தொட்டியில் அதோடு சாம்பல்நீரும் அரிசி மதுவும். உயிருள்ள தொட்டியின் நீர் மஞ்சள்பச்சையாக, மேலே செம்பு நிறப் படலத்தோடு இருக்கும். நீர் நீலமாகவே நின்றால் சாயம் பிடிக்காது. மது ஊற்றிக் காத்திருக்க வேண்டியதுதான். ஒரு முக்கல், காற்றில் ஓர் உலர்த்தல், மறுபடி முக்கல் என்று பல நாள் போகும்.

இங்கே போலி என்பது அச்சடித்த நீலம். மெழுகு வெடித்த கோடுகள் ஒவ்வொரு அடிக்கும் அச்சு அசலாக ஒரே இடத்தில் வந்தால், பின்பக்கம் வெளுத்திருந்தால், அது அச்சு.

தோங் மக்களின் பளபளக்கும் துணி வேறு. நீலத்தில் தோய்த்த பருத்தியில் மாட்டுத்தோல் பசையும் முட்டை வெள்ளையும் பூசி, கல்மேல் வைத்து மரச் சம்மட்டியால் அடித்து அடித்துச் செம்பு மினுக்கம் கொண்டுவருகிறார்கள். ஒரு தரம் துவைத்தாலே மினுக்கம் போய்விடும். முட்டையும் தோல்பசையும் பூச்சிக்கு விருந்து. எனவே வாங்கி வந்ததும் முதல் வேலை ஹாங்ஜோவில் சொன்ன உறைபெட்டிதான்.

1980களிலிருந்து வெளிநாட்டு வியாபாரிகள் வந்து பாட்டிமாரின் பெட்டியைக் காலி செய்துவிட்டார்கள். சந்தையில் இன்று கிடைக்கும் பழைய மார்புத் துண்டு, குழந்தை சுமக்கும் துணி எல்லாம் பெரும்பாலும் முழு உடையிலிருந்து வெட்டிப் பிரித்தவை. எந்த ஊர், யார் தைத்தது என்ற விவரம் அதோடு போய்விட்டது. நாங்கள் சொல்வது: 1966க்கு முந்தைய துண்டைத் தொடவேண்டாம், சட்டமும் விடாது. இன்று தைப்பவரிடம் நேரே போய், ஊர் பெயர், நூல் வகை, தையல் பெயர், எடுத்துக்கொண்ட காலம் நான்கையும் எழுதி வாங்கி, ரசீதும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். கிராமத்தில் ரசீதுப் புத்தகம் இருக்காது. கைலி நகரத்துக் கூட்டுறவுக் கடையிலோ பட்டறையிலோ முறையான வரி ரசீது கேட்டால் தருவார்கள். விமான நிலையச் சுங்கத்தில் பையைத் திறக்கச் சொன்னால், அது புதுத் துணி என்று காட்ட அந்த ஒரு தாள்தான் உதவும். துணியைப் பெட்டியின் அடியில் அழுத்தாமல், குழாயில் சுற்றிக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளவும்.